முட்டிக்குத் தகடு வைத்த மெக்கானிக்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை அலுங்காமல் மேலே ஏற்றிவிடுவது அவர் தொழில். ஆனால் லிஃப்ட் நின்ற பிறகுதான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், அவருக்கு மட்டும் எப்போதும் படிக்கட்டு.

முட்டி வலி வந்ததும், அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல் எலும்பு டாக்டரிடம் போனார். துணைக்கு நான். முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லு, தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் ஓட வேண்டுமாம். அத்தானுக்கு அந்தப் பள்ளம் பிறவியிலேயே ஆழமில்லை. போதாததற்கு முட்டிகள் உள்பக்கம் சாய்ந்தவை. அதனால் சில்லு வெளிப்பக்கம் இழுபட்டு, அங்கே குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது.

"தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி பண்ணுங்க. படி ஏறுறதைக் குறைங்க. இறங்குறதை அதைவிடக் குறைங்க" என்றார் டாக்டர்.

அத்தான் எங்கே கேட்டார்? வெளியே வந்தபோது முகமெல்லாம் பல்.

"மச்சான், இது நம்ம லிஃப்ட் ஓடுற தண்டவாளத்துல வர்ற கோளாறுடா! எந்தப் பக்கம் தேயுதோ, அந்தப் பக்கம் ஒரு தகடு குடுத்தா தீர்ந்துது."

லிஃப்ட் கூண்டுக்கு அது சரிதான். வீட்டுக்கு வந்ததும் தகடு வெட்டி, இரண்டு ஷூவுக்குள்ளும் வெளிப்பக்கமாகச் சொருகிக்கொண்டார். ஏற்கெனவே உள்ளே சாய்ந்த முட்டி இன்னும் சாய்ந்தது. வலி கூடியது. தகடு போதவில்லை என்று இன்னொன்றும் வைத்தார். இந்த மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல!

"ஆபீஸ்ல சொல்லித் தொலைங்களேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சொன்னால் என் பக்கத்தில் உட்காரவைத்து, புகார் போன் எடுக்க விட்டுவிடுவார்கள். அதே கம்பெனியில் நான் பார்க்கிற வேலை அதுதான்.

"நாள் முழுக்க உட்கார்ந்து திட்டு வாங்குறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பார், என் முகத்துக்கு நேராகவே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கிவிட்டால் அவர் ஒடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு உயரமான கட்டடத்தில் லிஃப்ட் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறினார். அதற்கும் மேலே மோட்டார் அறை, செங்குத்தான இரும்புப் படி. அதிலும் ஏறிச் சரிசெய்தார். லிஃப்ட் ஜோராக ஓடியது. ஆனால் அந்த அறை வரைக்கும் அது வராதே! இறங்கக் காலை வைத்தார். முட்டி மடங்கவே மாட்டேன் என்றது.

வேலை நேரத்தில், புகார் போன் எடுக்கும் எங்களிடமிருந்து செல்போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அவர் புகார் நம்பருக்கே அடித்தார். எடுத்தவன் நான். மேலாளர் அன்று பார்த்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா அழைப்பையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "ஹலோ" என்ற குரலிலேயே அத்தான் என்று தெரிந்துவிட்டது. அவர் மேற்கொண்டு பேசும் முன், யாரோ எவரோ என்பதுபோல மனப்பாடத்தை ஒப்பித்தேன்.

"பயப்படாதீங்க சார். எந்த மாடியில மாட்டிக்கிட்டீங்க? உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? மெக்கானிக் இப்ப வந்துடுவார்."



"லிஃப்ட் ஓடுதுடா. மெக்கானிக்தான் நின்னுட்டான்."