உள்ளங்காலில் தடவிய எண்ணெய்

விசுவாசக் குடும்பத்தாரே, இந்தச் சாட்சியைச் சொல்ல எழுந்திருக்கும்போதெல்லாம் முதலில் தரையைத்தான் பார்ப்பேன். சந்தோஷமான சாட்சிதான். ஆனாலும் பார்ப்பேன்.

2003 மழைக்காலம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் காலையில் சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு வாய் கோணியது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஹார்பரில் ஈரப் பலகை மேல் மூட்டையோடு நடந்த மனுஷன். பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எல்லா வியாதிக்காரருக்கும் ஒரே வார்டு. உயிர் பிழைத்தார். ஆனால் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கிறோம். இந்த நேரத்துல விழுந்து தலையில அடிபட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. யாரும் பிடிக்காம அவர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது."

அன்றோடு என் தூக்கம் போனது. கட்டில் கிறீச்சிட்டாலே எழுந்து உட்காருவேன். அவரோ பிடிவாதக்காரர். "கப்பல்ல ஏறி எறங்கினவன் நானு. கட்டில்ல எறங்கத் தெரியாதா இன்னா?" என்பார். யானைக்கும் அடி சறுக்கும் என்றால், "நான் யானை இல்லடி" என்பார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் ஜெபக்குழு வந்தது. எஸ்தரக்கா ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் தொட்டுப் பூசுவதுதான் வழக்கம். அன்றைக்கு அக்கா, விழுந்த கால் நடக்கட்டும் என்று இரண்டு காலிலும் முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரை வழித்துத் தேய்த்தார். "பிரதர், விசுவாசத்தோட எழுந்து நடப்பீங்க" என்றார். எல்லாரும் ஆமென் என்றோம். அழுதோம். ஒருத்தருக்கும் தரை ஞாபகம் வரவில்லை.

அவர்கள் போனதும் டிபன் பாக்ஸ் கழுவக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால், இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோணின வாயால் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? நிக்கிறேன் பாரு." அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை. சிரித்துக்கொண்டே கையை எடுத்தார்.

"ஏசப்பா" என்று கத்தினேன். வேறு ஜெபம் வரவில்லை. என் கால் நகரவில்லை.

எண்ணெய்க் கால் தரையில் வழுக்கியது. பின்பக்கமாகச் சாய்ந்தார். தலைக்கு நேரே இரும்பு அலமாரி.

பக்கத்துக் கட்டிலில் வியாசர்பாடி மாரியண்ணன் இருந்தார். ரயில்வேயில் சுமை தூக்குகிறவர். காலில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருந்தது. வந்த நாளிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர், அந்தக் காலோடு கட்டிலிலிருந்து பாய்ந்தார். இவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

இவர் தலை மாரியண்ணன் மார்பில் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஒடிந்தது மாரியண்ணன் கால். மறுபடியும் ஆபரேஷன். அது சரியாகச் சேரவே இல்லை.

நான் கேட்டது கிடைத்தது. ஆனால் வலி முழுக்க அவருக்குப் போய்விட்டதே என்று எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. மாரியண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன்.

"வுடு தங்கச்சி," என்றார். "நான் உங்க சாமிய கும்புட்றவன் இல்ல. செவுத்தப் பாத்துதான் படுத்துக்கினு இருந்தேன். நீ கத்தினது காதுல வுழுந்துச்சு, திரும்புனேன். அவ்ளோதான். காலு போனா கட்ட வெச்சிக்கலாம். தலை போனா இன்னாத்த வெப்ப?"

என் ஒற்றை வார்த்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்றும் எங்கள் குழு ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போகிறது. எண்ணெய் நெற்றியோடு சரி. பையில் வேதத்தோடு ஒரு துண்டும் இருக்கும். தரை ஈரமா, செருப்பு கைக்கெட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கண்ணை மூடுவோம். முதலில் குனிந்து நோயாளியின் பாதத்தைத் துடைப்பவர் எஸ்தரக்காதான்.

கிறிஸ்துமஸ் தோறும் மாரியண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். படியில் அவர் கட்டைச் சத்தம் கேட்டதும் வாசல் தரை ஈரமா என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து போய்க் கதவைத் திறப்பார்.

அன்பானவர்களே, நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள். ஒரே வார்த்தையானாலும் ஏசப்பா கேட்பார். ஆனால் கூப்பிடுமுன் நோயாளியின் பாதத்தைத் துடைத்துவிடுங்கள்.