ஒத்தைப் புஸ்தக டீச்சர்

"கையைக் காட்டு"ன்னு குழல்வாய்மொழி டீச்சர் சொன்னா இருபது பிள்ளைகளும் ரெண்டு கையையும் நீட்டுதுக. உள்ளங்கையைப் பாப்பா, திருப்பிப் புறங்கையைப் பாப்பா. நகத்துல மண்ணு இருந்தா வாயைத் தொறக்க மாட்டா. மூலையில இருக்க தண்ணிப் பானைப் பக்கம் மோவாயை ஒரு வெட்டு வெட்டுவா. அந்தப் பிள்ளை போயி தேங்காச் சிரட்டையில மோந்து கழுவிட்டு வந்து திரும்பக் காட்டணும். எல்லாக் கையும் பாஸானாத்தான் பழைய சேலைத் துணியில சுத்தி வச்ச புஸ்தகம் வெளிய வரும். பக்கம் புரட்ட யாராவது விரலை நாக்குல தொட்டுட்டா போச்சு. புஸ்தகம் டீச்சர் மடிக்குப் போயிரும். திரும்பவும் பானை.

எங்க மேலகரத்துப் பாலவாடிக்கு இருக்கது அந்த ஒரே புஸ்தகம்தான். டீச்சர் பயிற்சி முடிச்சு வரும்போது குடுத்தாங்களாம். பன்னெண்டு பக்கம், பூராவும் படம். அடியில இந்தியில என்னமோ எழுதியிருக்கு. "எனக்கும் வாசிக்கத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. சரியாப் போச்சு"ன்னு சொல்லுதா.

இலஞ்சியில இருந்து தெனமும் நடந்து வருதா. சாரல் அடிச்சா ஒரு கம்பி ஒடிஞ்ச குடை. அப்பவும் புஸ்தகம் குடைக்குள்ள வரும், அவ தோள் நனையும். முப்பது வயசு இருக்கும். ஏன் கல்யாணம் ஆகலன்னு எங்க மாதர் சங்கத்துல ஒருத்தி கேட்டதுக்கு, "இன்னும் நேரம் கெடைக்கல மைனி"ன்னு சொல்லிட்டுப் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடப் போயிட்டா.

ஒரு படத்தை ஒரு வாரம் காட்டுவா. அப்புறம், "பாத்தாச்சா? அப்ப செய்." அவ்வளவுதான் பாடம். குருவிக்கூடு வாரத்துல எங்க வீட்டுத் தலகாணியில பாதிப் பஞ்சைக் காணல. தராசு வாரத்துல என் மக உலகம்மா சிரட்டையில தராசு கட்டிக்கிட்டு, எடை போடணும்னு என் மூக்குத்தியைக் கேட்டு நிக்கா. அ ஆ சொல்லிக் குடுக்கச் சொன்னா மண்ணுல பொரள விடுதாளேன்னு சங்கத்துல மொதல்ல கத்தினது நான்தான். வெள்ளாவி வச்ச பாவாடையைக் களிமண்ணோட திரும்பத் தொவைக்கிறவளுக்குல்ல தெரியும்!

போன ஆனியில அணைக்கட்டுப் படம் வந்துச்சு. ஓடையில நாலு பிள்ளைக கல்லடுக்கித் தண்ணியை மறிக்கும், ஒரு வாத்து நீந்தும். டீச்சர் முத்தத்து மண்ணுல ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் கீறி, செம்புத் தண்ணியை ஊத்தி, அதைத்தான் மறிக்கச் சொன்னா. பிள்ளைகளுக்கு அது பத்தல. மத்தியானம் விட்டதும் நேரா வயக்காட்டு வாய்க்காலுக்கே போயிருச்சுக.

மறுநாள் விடிஞ்சா காந்திமதிநாதன் அண்ணாச்சியோட நாத்தங்கால் வறண்டு கெடக்கு. அவரு நேரா மேல்வயக்காரர் ஆவுடையப்பன் வீட்டு வாசல்ல மம்பட்டியோட போயி நின்னாரு. "ராத்திரி தண்ணியத் திருடினியாலே?" ஆவுடையப்பனும் ஒரு மம்பட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. பத்துப் பேரு நடுவுல நின்னு, வாய்க்காலோட நடந்து பாத்துட்டு வருவோம்னு இழுத்துட்டுப் போனதாலதான் மண்டை ஒடையல. பாதி தூரத்துல கெட்டியா ஒரு அணை. அதுக்கு மேல களிமண்ணுல ஒரு வாத்து உக்காந்திருக்கு.

பாலவாடி நடக்கது காந்திமதிநாதனோட களத்துக் கொட்டகையில. பெரிய மனசு பண்ணிச் சும்மா விட்டிருந்தாரு. நான் உலகம்மாவை விட்டுட்டு நிக்கேன், மனுஷன் அணையை ஒடைச்ச சேத்துக் கையோட உள்ள வந்தாரு. ஒரு கையில அந்த வாத்து.

"யாரு வேலை இது?"

என் மக வாத்து அது. அந்தக் கோண மூக்கைப் பாத்ததுமே எனக்குத் தெரியும். உலகம்மாவை என் சேலைக்குப் பின்னால இழுத்துக்கிட்டேன்.

"நான் புஸ்தகத்துல காட்டிச் சொல்லிக் குடுத்தது அண்ணாச்சி"ன்னா டீச்சர்.

"ரெண்டு தலை உருண்டிருக்கும் இன்னைக்கு! பிள்ளை வளக்கியா, கோட்டிப் பைத்தியம் புடிக்க வைக்கியா? சாயங்காலத்துக்குள்ள கொட்டகையைக் காலி பண்ணிரு."

"சரி அண்ணாச்சி."

சரிங்கா! வேற எடம் எங்கன இருக்கு? எடம் இல்லன்னா பாலவாடியைத் தூக்கிருவோம்னு பிளாக் ஆபீஸ்ல ஏற்கெனவே சொல்லிட்டாங்க. அண்ணாச்சி அதோட விடல.

"எந்தப் புஸ்தகம்? இங்க கொண்டா. கிழிச்சு வாய்க்கால்லயே விடுதேன்."

"கையைக் கழுவிட்டுத் தொடுங்க அண்ணாச்சி."

இருபது பிள்ளைகளும் அவரு கையையே பாக்குதுக. ஒண்ணு, "அய்யே, சேறு"ங்குது. மனுஷன் வாத்தைக் கீழ வச்சுட்டுப் போயி கழுவிட்டு வந்தாரு. டீச்சர் பாத்துக்கிட்டே இருந்தா. அவரே புறங்கையையும் திருப்பிக் காட்டினாரு. புஸ்தகத்தை விரிச்சுக் குடுத்தா.

கிழிக்க வந்தவரு பாயில குத்தவச்சுப் படத்தைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இது எந்த ஊருக்காரன் வரைஞ்சது? வெறுங்கல்லை அடுக்கினா தண்ணி நிக்குமா?"

"நிக்காது தாத்தா"ன்னா என் மக. "நாங்க களிமண்ணு அப்பினோம். கோரையும் சொருகினோம்."

"அதான பாத்தேன். ஒடைக்க எனக்கு அரைமணி நேரமாச்சுட்டி." ஏசினாரா, மெச்சினாரான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல. "சரி, மறுகால் எங்க? நெறஞ்ச தண்ணி எங்கிட்டுப் போவும்?"

பிள்ளைக டீச்சரைப் பாத்துதுக. டீச்சர் படத்தைப் பாத்தா.

"இவனாவது வரைஞ்சிருக்கானா பாப்போம்"னு அடுத்த பக்கத்தைப் புரட்ட அண்ணாச்சி விரலை நாக்குக்குக் கொண்டு போனாரு.

டீச்சர் புஸ்தகத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. மோவாயைப் பானைப் பக்கம் வெட்டினா.

அண்ணாச்சி முழங்கால்ல கையூனி எந்திரிச்சுப் போயி சிரட்டையை எடுத்தாரு.