பால் ஊற்றாத காப்பி

இந்த ஊரில் காப்பியை வடிப்பதில்லை, அமுக்குகிறார்கள். கண்ணாடிக் குவளையில் கொரகொரப்பாக அரைத்த பொடியைப் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, சல்லடை பொருத்திய தண்டினால் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொடி ஊறிய பிறகு தண்டின் தலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினால் சக்கை அடியில் போய்ப் படிகிறது. தெளிந்தது மேலே நிற்கிறது. தெளிந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. கடைசி மிடற்றில் மண்ணைப்போல ஏதோ ஒன்று நாக்கில் தட்டாமல் இருப்பதில்லை. கஃபெத்தியேர் என்று இதற்குப் பெயர். போடிநாயக்கனூரில் பித்தளை ஃபில்டரில் தானாகச் சொட்டும் டிகாஷனைப் பார்த்து வளர்ந்த எனக்கு, காப்பியைக் கையால் நெருக்கி இறக்குவது இன்றுவரை ஒரு சிறிய வன்முறையாகவே படுகிறது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப்போலக் கடல் தாண்டியவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கணிதம் கற்பிக்கும் பணியேற்று நான் பிரான்சின் கிரெனோபிள் நகருக்கு வந்தேன். எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் முடிவில் ஒரு மலை தெரியும் ஊர் இது. போடியும் அப்படித்தான். அங்கே மலையிலிருந்து ஏலக்காயும் காப்பிக் கொட்டையும் இறங்கும். இங்கே குளிர் இறங்குகிறது. என் மனைவி மரகதம் பின்னர் வந்து சேர்ந்தாள். போடிக்கு மேலே குரங்கணி மலைச் சரிவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். கஃபெத்தியேரை முதன்முதலில் பார்த்தபோது, "காப்பிய என்னத்துக்கு இந்த அமுக்கு அமுக்குறீக? அது என்ன திருடிப்புட்டு ஓடுதா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைப் போணி என்பார்கள்; இதற்கு 'அமுக்குப் போணி' என்று பெயரிட்டாள். மறுவாரம் நான் பணியிலிருந்து திரும்பியபோது அதில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "காப்பிக்குத்தான் இது லாயக்கில்ல. புளிக்குச் சக்கை ஒண்ணு மிஞ்சாம எறங்குது பாருங்க." அதன் பிறகு பல நாட்கள் எங்கள் வீட்டுக் காப்பியில் ரசத்தின் வாடை இருந்தது.

பாலில்லாத காப்பியை மட்டும் அவள் கடைசிவரை தொடவில்லை. உடன் பணிபுரிந்த ஒருவர் வீட்டில் எங்களுக்குக் கறுப்புக் காப்பி கொடுத்தபோது, முகத்தில் புன்னகை மாறாமல் தமிழில் என்னிடம் கேட்டாள்: "இங்க யாரு செத்துட்டாகன்னு இதக் குடுக்குறாக?" அவள் என்ன சொல்கிறாள் என்று அந்த வீட்டம்மாள் ஆவலோடு கேட்டார். மணம் பிரமாதம் என்கிறாள் என்று மொழிபெயர்த்தேன்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், அடுப்புப் பற்றவைப்பதில்லை. அங்கே பால் காய்ச்சக் கூடாது. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஊற்றுவார்கள். குடித்தவர்கள் எழுந்து போகும்போது 'வர்றேன்' என்று சொல்வதில்லை. சாவு நடந்த வீட்டுக்கு மறுபடியும் வருவதாக ஒருவர் வாயால் சொல்லலாகாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும்.

மரகதம் இறந்தது பனிக்காலத்தில். மார்பில் சளி கட்டியது, மருத்துவர் வந்தார், பிறகு பாதிரியாரை அழைக்கவா என்று கேட்டார்கள். இந்நகரில் எரியூட்ட இடமில்லை. உறைந்திருந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துப் புதைத்தார்கள்.

மறுநாள், கீழ்த்தளத்தில் வசிக்கும் மதாம் கிளேர் துக்கம் கேட்க வந்தார். கணவரை இழந்தவர். கையில் பேரிக்காய்ப் பணியாரம் ஒன்று வைத்திருந்தார். இந்நாட்டில் துக்க வீட்டார்தான் வருபவர்களுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். அவர் காத்திருந்தார், நான் அடுப்பைத் தொடாமல் அமர்ந்திருந்தேன். இருவரும் கஃபெத்தியேரையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறுதியில் அவரே எழுந்து, என் சமையலறையில் வெந்நீர் வைத்து, காப்பியை அமுக்கி இறக்கி, எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். பாலில்லாத காப்பி. அடுப்பை என் வீட்டில் பற்றவைத்தார் என்பதைத் தவிர, போடியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி செய்வதைத்தான் செய்தார். விடைபெறும்போது என் கையைப் பற்றி, "ஒ ருவார், மெஸ்யே" என்றார். மீண்டும் பார்ப்போம், ஐயா என்று பொருள். என்னையறியாமல் கையை இழுத்துக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு பல வாரங்கள் அவர் மாடிப்படி ஏறவில்லை. அதை விளக்கும் பிரெஞ்சு என்னிடம் இருந்தது. விளக்கும் மனம்தான் இல்லை.

கோடை விடுமுறையில் கப்பலேறினேன். மதுரையிலிருந்து பஸ்சில் போடி வந்து இறங்கியபோது தம்பி சிதம்பரம் காத்திருந்தான். ஏலக்காய் வியாபாரம் செய்பவன். எந்தச் செய்தியையும் மறைக்கத் தெரியாதவன். என் பெட்டியைக் கையில் வாங்கும்போதே சொல்லிவிட்டான்.

"அண்ணே, ஒங்க மச்சான் வரமாட்டாரு. கடை வீதியில நாலு பேரு முன்னால சொல்லிட்டாரு. அந்த வீட்டுப் பச்சத் தண்ணி எம் பல்லுல படாதுன்னு."

மச்சான் என்றது மரகதத்தின் அண்ணன் ரத்தினவேலை. குரங்கணித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். தங்கையின் முகத்தைக் கடைசியாக அவர் பார்க்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் ஒரு பெண்ணை அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அதுவும் நடக்கவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் எங்களுக்குப் பிள்ளை இல்லை. மரகதத்தைப் பாவாடைச் சிறுமியாகப் பார்த்த கண்களில் அவருடையவை மட்டுமே மிஞ்சியிருந்தன. அவரும் உறவை அறுத்துக்கொண்டால், அவளைப் பற்றிப் பேச இரண்டு நாட்டிலும் எனக்கு ஆள் இல்லை.

அமுக்குப் போணியைத் துணிகளுக்கிடையில் பொதிந்து கொண்டுவந்திருந்தேன். முன்பு ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது மரகதம் அவரிடம் சொல்லியிருந்தாள்: "அடுத்த தடவ அந்தப் போணியக் கொண்டாறேண்ணே. ஒங்க கொட்டையவே அதுல போட்டுத் தர்றேன். குடிச்சுப்புட்டுத் திட்டுங்க." நான் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பவில்லை. மரகதம் சொன்ன போணி வந்திருக்கிறது என்று மட்டும் சிதம்பரம் மூலம் சொல்லி அனுப்பினேன்.

வறுத்த குரங்கணிக் கொட்டையை எடுத்துக்கொண்டு அரைவைக் கடைக்குப் போய், ரவைபோல் அரைத்தால் போதும் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அய்யா, இது காப்பி போடவா, கோழிக்குப் போடவா?"

"காப்பிக்குத்தான்."

"அப்பச் சீமையில காப்பிய மெல்லுவாக போல!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரத்தினவேல் வந்தார். ஒரு முற்பகலில், ஏலக்காய் லோடு இறக்க வந்த ஜீப்பில் ஏறி வந்து, எங்கள் வாசலில் இறங்கினார். "வாங்க மச்சான்" என்றேன். அவர் நாற்காலியில் அமர்ந்து, மஞ்சள் பையிலிருந்து அரக்கு நிறப் புதுச்சேலை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி. எங்க போர்த்துறதுன்னு சொல்லுங்க மாப்ளே."

நான் போணியை எடுத்துவந்து சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒரு பிடி சாம்பலக் கொண்டாந்திருந்தாக் கூட நம்ம கொட்டக்குடி ஆத்துல கரைச்சிருப்பேன். மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்திருக்கீக."

"அங்கன எரிக்க எடமில்ல மச்சான்."

"எடமில்லாத ஊருக்கு என்னத்துக்குக் கூட்டிட்டுப் போனீக?"

போணியில் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றினேன். உள்ளே சிதம்பரத்தின் மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பொங்கும் மணம் கூடம்வரை வந்தது. அவர் பார்வை கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"மூடி வச்சிட்டு என்ன பாத்துக்கிட்டு இருக்கீக?"

"ஊறணும்."

"அமுக்கித்தான் எறக்கணுமா? தானா எறங்காதா?"

"எறங்காது மச்சான்."

"பொல்லாத ஊருதான்."

"மரகதம் இதுலதான் புளி கரைப்பா."

அவர் உரக்கச் சிரித்துவிட்டார். "செய்வா! அரிவாமனையில பென்சில் சீவி ஆத்தாகிட்ட அடி வாங்குன கழுதை..." சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியபோது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் அசைவது அடங்கும்வரை நான் தண்டை அழுத்தாமல் காத்திருந்தேன்.

காப்பியை டம்ளரில் ஊற்றினேன். சிதம்பரத்தின் மனைவி பால் செம்பைக் கொண்டுவந்தாள். நான் அதை வாங்கிச் சாய்க்கப் போனபோது, ரத்தினவேல் தன் உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடினார்.

"பால் வேணாம் மாப்ளே."

அவள் என்னைப் பார்த்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஆவி பறக்கும் காப்பியைக் கீழே வைக்காமல் குடித்தார்.

"கசக்குது."

"ஒங்க மலைக் கொட்டைதான்."

"தெரியிது."

அடிவரை குடித்தார். உதட்டில் ஒட்டிய சக்கையைக் கட்டைவிரலால் துடைத்து, விரலைச் சற்று நேரம் பார்த்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி ஜீப்பை நோக்கி நடந்தார். ஒரு சொல் இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"குடிச்சுட்டாருல்ல அண்ணே! இனிமே என்ன கொறை?" என்று சிதம்பரம் குதூகலித்தான். அவன் மனைவி டம்ளரை எடுத்தபடி, "சொல்லிக்கிடாமத்தான போறாக" என்றாள்.

அன்று முதல் இரண்டு விடைகளுக்கிடையில் இருக்கிறேன். துட்டிக்கு வந்தவர், துட்டி வீட்டில் நடந்துகொள்ள வேண்டிய முறைப்படி நடந்துகொண்டார். அடுத்தமுறை உறவாக வந்து பால் ஊற்றிக் குடிப்பார் என்பது ஒன்று. தங்கைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டார், இனி இந்த வாசலில் அவருக்கு வேலை இல்லை என்பது மற்றொன்று. விடுமுறை முடியும்வரை காத்திருந்தேன். குரங்கணியிலிருந்து ஜீப்புகள் இறங்கி வந்தவண்ணம் இருந்தன. ஒன்றில் வறுக்காத காப்பிக் கொட்டை ஒரு சிறு மூட்டை எனக்காக வந்தது. உடன் சொல் எதுவும் வரவில்லை. பஸ் ஏறும்போது சிதம்பரம், "போயிட்டு வர்றேன்னு சொல்லுங்கண்ணே" என்றான். தலையை மட்டும் அசைத்தேன்.

கோடியை இங்கே கொண்டுவந்து, கல்லறையின்மீது விரித்து, நான்கு முனையிலும் கூழாங்கல் வைத்தேன். அடுத்த வாரம் போனபோது காவலர் அதை அழகாக மடித்து என்னிடம் நீட்டினார். "யாரோ மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள், மெஸ்யே. மழையில் கெட்டுவிடுமே என்று எடுத்து வைத்தேன்." அன்போடு செய்த காரியம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அது இப்போது என் சமையலறை அலமாரியில், கஃபெத்தியேருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மதாம் கிளேர் மீண்டும் படியேறி வரத் தொடங்கியிருக்கிறார். குரங்கணிக் கொட்டையை வறுத்து, கொரகொரப்பாக அரைத்து, அவருக்கும் எனக்கும் அமுக்கி இறக்குகிறேன். பால் வாங்கி வைக்கிறேன், ஊற்றுவதில்லை. அவர் ஒவ்வொரு முறையும் "ஒ ருவார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னபடியே ஒவ்வொரு முறையும் வருகிறார். வாசலில் நின்று வழியனுப்பும்போது நான் வாய் திறப்பதில்லை. அவர் காலடி ஓசை கீழே அடங்கிய பின் குவளைகளைக் கழுவுகிறேன். அடியில் படிந்திருக்கும் குரங்கணிச் சக்கை சற்று நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, இந்த ஊர்த் தண்ணீரோடு போகிறது.