நான்கெல்லை இல்லாத பத்திரம்

எழுதத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். பிறர் எழுதி நீட்டுவதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் என்பது பிறகுதான் தெரிகிறது. தென்காசியில் நாளிதழ் நிருபராக இருந்தவரை எனக்கு இந்தக் கவலை இல்லை. செய்தியை அனுப்பினால் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போடுவார்கள். வெட்டியது யார் என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. வேலையை விட்டுவிட்டு, கட்டுரையும் புத்தகமும் எழுதிக் காலத்தை ஓட்டலாம் என்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒப்பந்தம் என்கிற சொல் என் வாழ்க்கைக்குள் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் எழுதுகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. கூட ஒருத்தன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

தாயா பிள்ளையா

என் முதல் புத்தகத்தைப் போட்டவர் திருநெல்வேலியில் ஒரு சின்னப் பதிப்பாளர். நல்ல மனிதர். அவர் வீட்டுக்குப் போனால் முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. புத்தகம் அச்சாகி, வெளியீட்டு விழா முடிந்து, எனக்குப் போர்த்திய பொன்னாடை எங்கள் வீட்டு டி.வி.க்கு மூடுதுணியாகவும் ஆன பிறகு, ஒரு நாள் அவரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். நம் தொழிலில் வரிசை அப்படி. முதலில் புத்தகம், அப்புறம் விழா, அதற்கும் அப்புறம் யாருக்காவது ஞாபகம் வந்தால் ஒப்பந்தம்.

அவர் முகம் வாடிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். ரசப் பாத்திரத்தோடு வந்த அவர் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். பதிலை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணுமில்ல. இவ்வளவு நாளும் தாயா பிள்ளையா பழகிட்டு, இப்பம் அண்ணாச்சி நம்மகிட்ட எழுதிக் கேக்காவ."

மைமூன் சொன்ன நிபந்தனை

அடுத்த புத்தகம் கடையநல்லூரைப் பற்றியது. ஆண்கள் வளைகுடாவில் இருக்க, வீட்டையும் பிள்ளைகளையும் உறவையும் பகையையும் தனியாக நடத்துகிற பெண்களிடம் கேட்டு எழுதிய கதைகள். அதில் முக்கியமான கதை மைமூனுடையது. மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறவர். கணவர் சவூதியில், தம்மாமில். மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் அவனுக்கும் அங்கே ஒரு விசா ஏற்பாடு செய்தார் கணவர். மகனுக்குப் போக இஷ்டமில்லை, மைமூனுக்கு அனுப்ப இஷ்டமில்லை. விசாவுக்கான மெடிக்கலில் பையன் தேறவில்லை, நெஞ்சில் ஏதோ கோளாறு என்று மைமூன் கணவரிடம் ஃபோனில் சொல்லிவிட்டு, பையனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். கணவர் அதை இன்றைக்கும் நம்புகிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் நெஞ்சுக்கு நல்லது என்று மகனுக்கென்று தனியாகப் பேரீச்சம்பழம் கொண்டுவருகிறார்.

பெயரை மாற்றிவிடுகிறேன் என்று மைமூனிடம் சொன்னேன்; இங்கே இருப்பதும் மாற்றிய பெயர்தான். மாற்றினாலும் தெருவுக்குத் தெரியும், தெரு ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்றார். ஒரே ஒரு நிபந்தனை: புத்தகமாக வரலாம், படமாக வரக் கூடாது. வராது, நான் பொறுப்பு என்றேன். புத்தகத்துக்கு இல்லாத பயம் படத்துக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். "அவுக பொறந்ததுல இருந்து ஒரு புஸ்தகத்தத் தொறந்தது இல்ல அண்ணாச்சி. படம்னா மொத ஆளா பாத்துட்டு, எனக்கே ஃபோன் போட்டு கதையச் சொல்லுவாக."

சும்மா ஒரு ஃபார்மாலிட்டி

இந்த முறை பதிப்பகம் சென்னையில். பெரிய இடம், ஆகவே ஒப்பந்தம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் மெய்ப்புத் திருத்தி அனுப்பி, அட்டைப் படம் தயாராகி, ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வருகிறது என்று ஃபேஸ்புக்கில் விளம்பரமும் வந்த பிறகு, அந்த ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் வந்தது. முழுக்க ஆங்கிலம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படித்தேன். திரைப்படம், தொடர், நாடகம், ஒலிப் புத்தகம், உலகத்தின் எல்லா மொழிகள், இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போகிற எல்லா வடிவங்கள், எல்லாவற்றுக்கும் உரிமை பதிப்பகத்துக்கே என்று இருந்தது. இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஒன்றை நான் எப்படி விற்க முடியும் என்று அந்த ஆங்கிலத்துக்குக் கவலையில்லை.

மேலாளரைக் கூப்பிட்டு, திரைப்படமும் தொடரும் வேண்டாம், அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். தன்மையான இளைஞர். இதெல்லாம் சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்று ஆரம்பித்தவர், நான் விடாமல் கேட்கவும் கொஞ்சம் யோசித்து, உண்மையைச் சொன்னார். ஒரு வெப்சீரிஸ் கம்பெனிக்குப் புத்தகத்தின் சுருக்கம் போயிருக்கிறது. அவர்களுக்கு விசா கதை ரொம்பப் பிடித்துவிட்டது. இதற்கு முன்னால் யாருமே அந்த வரியைப் பற்றிக் கேட்டதில்லையா என்றேன். "இத்தன வருஷமா இதே அக்ரிமென்ட்தான் சார் போயிட்டிருக்கு. படிச்சுப் பாத்துட்டு ஃபோன் பண்ண மொத ஆளு நீங்கதான்."

பழைய சகாவின் ஆறுதல்

என்னோடு பல வருஷம் ஒரே மேசையில் செய்தி எழுதிய சகா ஒருவர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார். கோயில் வாசல் டீக்கடையில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். படம் வேண்டாம் என்கிறேன் என்பதை மட்டும்தான் சொன்னேன், ஏன் என்பதைச் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் நிருபர். காரணம் இல்லாமல் கேட்டதால் அவருக்கு நான் கிறுக்குப் பிடித்தவனாகத் தெரிந்ததில் வியப்பில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "படம் எடுக்க வாரேன்னு ஒருத்தன் சொன்னா, அவனவன் வாசல்ல கோலம் போட்டுட்டு நிக்கான். நீரு என்னன்னா கதவச் சாத்துதீரு. ஒமக்கு ரிட்டயர்மென்ட் சேரல ஓய்."

கிழக்கே எது?

இந்த மாதிரி நேரத்தில் சென்னை எழுத்தாளர்கள் வக்கீலிடம் போவார்கள். எனக்குத் தெரிந்தவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் சங்கரலிங்கம்தான். வீடும் வயலும் கை மாறுகிற பத்திரங்களைக் காலம் காலமாக எழுதுகிறவர். புத்தகத்துக்குப் பத்திரம் எழுதியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இருந்தாலும் வாசியுங்கள் என்றார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முடித்ததும் நான்கெல்லை எங்கே என்று கேட்டார். ஒரு மனையை விற்றால் அதற்குக் கிழக்கே யார் இடம், மேற்கே எந்தத் தெரு, வடக்கே தெற்கே என்ன என்று எழுதாமல் பத்திரம் கிடையாது. நீங்கள் கொடுப்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று இதில் ஒரு வரிகூட இல்லையே என்றார்.

நான் கொடுக்க நினைப்பது தமிழில் அச்சுப் புத்தகம் மட்டும் என்றேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார், பழக்கத்தில் மேலே 'சொத்து விவரம்' என்று எழுதினார். கிழக்கே திரைப்படமும் தொடரும், மேற்கே பிற மொழிகள், வடக்கே ஒலிப் புத்தகம், தெற்கே இனிமேல் கண்டுபிடிக்கப் போகிறவை. இந்த நான்கெல்லைக்குட்பட்ட தமிழ் அச்சுப் புத்தகம் மட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு சொன்னார்: "எல்லை சொல்லாம எழுதிக் குடுத்தியன்னா, அடுப்பங்கரையும் சேந்துதான் போவும். பொறவு எம் பொஞ்சாதி எங்க நின்னு சமைப்பான்னு கேட்டு வந்து நிக்கக் கூடாது."

ஐந்தருவி வரிசையில்

சாரல் தொடங்கியதும் சென்னைப் பதிப்பாளரே குடும்பத்தோடு குற்றாலம் வந்தார். ஓட்டெடுப்புக்கு முன்னால் கவுன்சிலர்களைக் கொண்டுவந்து தங்கவைக்கிற ஊர் இது; அதற்குக் காரணம் உண்டு. அருவியில் நின்றுவிட்டு வந்தவனுக்குக் கொஞ்ச நேரம் யார்மேலும் கோபம் வராது, பசி மட்டும்தான் வரும். நிருபராக இருந்தபோது இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே லாட்ஜில் பேச வேண்டாம், ஐந்தருவிக்கே வருகிறேன் என்று சொல்லி, சங்கரலிங்கம் எழுதிய தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பில் துண்டும் தலையில் எண்ணெயுமாக வரிசையில் நின்றார் பதிப்பாளர். ஆள் நல்ல கனம். அந்த வரிசை முழுக்க அவர் பேசியது மன்னார்குடிப் பக்கம் இருக்கும் பூர்வீக நிலத்தைப் பற்றித்தான். கூடப்பிறந்த அண்ணன் எல்லைக்கல்லைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுவிட்டாராம். கோர்ட்டுக்குப் போய் இவர் தோற்றுவிட்டாராம். எல்லைக்கல்லைப் பற்றித் தானாகப் பேசுகிற ஒரு மனிதரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

குளித்துவிட்டு வந்து, பஜ்ஜிக் கடையில் சூடாக ஒரு தட்டை வாங்கிக்கொண்டதும் தாளைக் கொடுத்தேன். மேலாளரின் ஆங்கிலத்தை அவரும் படித்ததில்லை போலிருக்கிறது. இதை இரண்டு முறை படித்தார். மேற்கில் எண்ணெய் பட்டது. கிழக்கில் விரலை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அப்படி என்னதான் சார் இருக்கு என்று கேட்டார். ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு, வெப்சீரிஸ் இல்லையென்றால் இந்தப் புத்தகத்துக்கு அவசரமும் இல்லை, ஜனவரிக்கு வராது, அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். சரி என்றேன். மழைக்குக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்று அவர் தாளில் மூன்று பக்கத்தை அடித்தார்; இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். "கிழக்கு உங்களுக்கு. மத்த மூணு பக்கமும் நான் வேலி போட்டுக்கறேன். அண்ணன்கிட்ட தோத்ததை எங்கயாவது புடிக்கணும் இல்லியா சார்?"

மைமூன் வீட்டு மாடியில்

நான்கில் ஒன்றைத்தான் காப்பாற்றினேன். ஆனால் காப்பாற்ற வேண்டியது அந்த ஒன்றுதான். மறுநாளே கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மைமூன் மெஷினை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். தாளைக் கையில் வாங்கி, எண்ணெய்க் கறை உட்பட முழுதும் படித்தார். ரொம்ப நல்லது என்றார். பிறகு கேட்டார்: இது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. கிழக்கு இப்போது உங்கள் கையில் வந்துவிட்டது. நாளைக்கு வேறு ஒரு கம்பெனி வந்து உங்களிடமே கேட்டால், எனக்கு என்ன இருக்கிறது?

நமக்குள்ள எழுத்து எதுக்கும்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் திருநெல்வேலி ரசம் ஞாபகம் வந்தது. மைமூன் அளவு வெட்டுகிற காக்கித் தாளில் ஒரு துண்டைக் கிழித்து என்முன் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படமாகக் கூடாது. பேட்டியிலோ மேடையிலோ எந்த வீடு என்று நான் சொல்லக் கூடாது. அட்டையில் அவர்கள் தெருவின் படம் வரக் கூடாது. கையெழுத்துப் போடப் போனபோது தடுத்து, உங்களுக்குப் பிறகு இந்தப் புத்தகம் யாருக்குப் போகும் என்றார். மகனுக்கு என்றேன். அப்படியானால் 'நானும் என் வாரிசுகளும்' என்று சேருங்கள் என்றார். சேர்த்தேன். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, தாளை மடித்து ரவிக்கைத் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டே சமாதானம் சொன்னார்: "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. ஒங்கள நம்பாமலா கதையச் சொன்னேன்? ஒங்க மவன நான் பாத்தது இல்லல்லா."

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் பார்த்த நியாயமான ஒப்பந்தம் அது ஒன்றுதான், அதில் கட்டுப்பட்டவன் நான்.