குறட்டைக்காரனின் கம்பளி

போன குளிர்காலத்தில், டெல்லி துவாரகாவில் குடியிருக்கும் ஆபீஸ் நண்பர்கள் நாங்கள் நாலு பேர் ஊருக்கு வெளியே நடந்த ஓர் இசை விழாவுக்குப் போனோம். மைதானத்திலேயே டென்ட் போட்டுத் தங்கினோம். பாட்டு, ஆட்டம், சுடச்சுட பக்கோடா என்று முதல் நாள் அமர்க்களமாகப் போனது.

எங்களில் சரவணன் பலமாகக் குறட்டை விடுவான். படுக்கும் நேரத்தில், "நீ கார்ல போய்ப் படு, ஜல்தி!" என்று அவனை வெளியே தள்ளினேன்.

"என் கம்பளியையாவது குடுங்கடா."

"கார்ல குளிராது, போடா" என்று சிரித்துக்கொண்டே ஜிப்பை இழுத்து மூடினேன். கரி கனன்றுகொண்டிருந்த அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு மூவரும் சுகமாகத் தூங்கினோம்.

விடிந்ததும் குளிர் தாங்காமல் கம்பளி கேட்டு வந்த சரவணன், எவ்வளவு கூப்பிட்டும் பதில் வராததால் ஜிப்பைத் திறந்திருக்கிறான். அடுப்பின் நச்சுக்காற்றில் மயங்கிக் கிடந்த எங்களை அவன்தான் ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டான். அவனுடைய கம்பளி அப்போதும் என் மேல்தான் கிடந்ததாம்.

இப்போதெல்லாம் கரி அடுப்பை டென்ட் பக்கமே கொண்டுபோவதில்லை. நீங்களும் கொண்டுபோய்விடாதீர்கள். எங்கே கிளம்பினாலும் சரவணனைத்தான் முதலில் கூப்பிடுகிறேன்.

"வேணாம்டா, நான் குறட்டை விடுவேன்" என்று போனை வைத்துவிடுகிறான்.