ரதம் இழுத்த லோரியின் கரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். கோயில் விஷயத்தை வெளியில் பேசுவது பாவம் என்று வளர்ந்தவன் நான். அம்மன் முகத்தில் கரி பூசியதைப் பேசாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது.

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் நகரில் குடியிருந்தோம். எங்கள் கோயில் தலைவருக்குச் சொந்தமாக லோரிகள் இருந்தன. திருவிழாவில் அம்மன் ரதத்தை இழுப்பது அவருடைய லோரிதான். மாவிலை, எலுமிச்சை, மாலையெல்லாம் முன்பக்கம். பின்பக்கம், ரதத்தின் மேலேயே கறுப்புப் புகை. அரசாங்கப் பரிசோதனைக்குப் போகும்போது மட்டும் டிரைவர், டீசல் குறைவாகப் போகும்படி பம்பின் திருகைக் குறைத்து வைப்பார். புகை அடங்கிவிடும். பாஸ் ஆனதும் பழையபடி கூட்டிவிடுவார். அதிகாரிக்குக் கொடுத்த மரியாதை அம்மனுக்குக் கிடையாது.

என் மகளுக்கு மூச்சிளைப்பு. அது குணமாக, ரதத்தின் பின்னால் அவள் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தோம். திருவிழாவுக்கு முன்பே தலைவரைப் போய்ப் பார்த்தேன்.

"அண்ணே, அன்னிக்கு ஒருநாள் திருகைக் குறைச்சு வைக்கச் சொல்லுங்க. பிள்ளைக்கு மூச்சு முட்டும்."

"போற வழியில பாலத்து ஏத்தத்துக்கு பவர் வேணும்லா. அம்மன் பாதியில நின்னா யாருக்கு மானம் போகும்? சாம்பிராணிப் புகையில மணிக்கணக்கா நிக்கிறீங்க, இதுக்கு மட்டும் மூக்கைப் பொத்துறீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டுப் பிள்ளைகள் காரில் வருகிறவர்கள்.

திருவிழா அன்று பாலத்துக்கு முன்பே மகளுக்கு மூச்சு வாங்கியது. அவள் குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணி கறுத்திருந்தது. என் மனைவி அவளை என்னிடம் விட்டுவிட்டு, நேராகப் போய் லோரிக்கு முன்னால் நின்றாள்.

"திருகைக் குறைச்சிட்டு வண்டிய எடுங்க. இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போங்க."

"யாருலா இந்தம்மா, தள்ளிக் கூட்டிட்டுப் போங்க" என்றார் தலைவர்.

பால்குடம் எடுத்த மற்ற பெண்களும் குடத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். டிரைவர் தலைவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார். ஸ்பேனரை எடுத்துத் திருகைத் திருப்பினார். ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

ரதம் மெதுவாக, ஆனால் எங்கேயும் நிற்காமல் பாலம் ஏறியது. தலைவர் சொன்ன பவர் அவர் வாயில் மட்டும்தான் இருந்தது. மகள் மூச்சு சீராகி, நடந்தே போய்ப் பால் ஊற்றினாள்.

மறுநாள் அதே லோரி எங்கள் தெருவில் கறுப்பாய்க் கக்கிக்கொண்டு போனது. அடுத்த வருடம் தலைவர் மைக்கில், போன தடவை அம்மன் அருளால் புகையே இல்லாமல் ரதம் ஏறியது என்றார். கைதட்டினார்கள்.

அம்மனை நான் தினமும் கும்பிடுகிறேன். அதனால்தான் கேட்கிறேன்: இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் எழுதியபடியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். பெண்கள் வழிமறித்தார்கள், டிரைவர் ஸ்பேனரை எடுத்தார், அவ்வளவுதான்.