தெரியாது என்று நான் சொன்ன பூக்கள்

மாரி முடிந்து தரவைப் புல்வெளியெல்லாம் பூத்துக் கிடந்த ஒரு காலையில்தான் அவளை முதலில் கண்டேன். எங்கள் வேலிக்கு அடுத்த காணிக்குள் குந்தியிருந்து, போனில் எதையோ படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காணிக்காரர் கனடா போய்க் கனகாலம். அவர்களின் மகள் வந்து பக்கத்து ஊரான சாட்டியில் உறவினர் வீட்டில் நிற்கிறாள் என்று சந்திக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன்.

வேலணைத் தீவில் ஆளில்லாத காணியை ஒருவர் படம் பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: விற்கப் போகிறார்கள். என் இரண்டு பசுக்களும் அந்தக் காணியில்தான் மேய்கின்றன. பால் விற்றுத்தான் என் சீவியம். இன்னொரு பயமும் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே பக்கத்து வீட்டுக்காரர் என்றாலே காணி பிடிக்கிற ஆள்தான். கனகாலம் ஆண்டுவிட்டு உரிமை கேட்பார்கள் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஆகவே அவள் வேலிக்கு வந்து, "அக்கா, இந்தப் பூவுக்கு என்ன பேர்?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. போனில் இருந்தது விஷ்ணுகிராந்தி. நிலத்தோடு படர்ந்து, சட்டைப் பொத்தானளவில் நீலமாகப் பூக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் அது கிடையாது. அவர்களின் கிணற்றடியில் மட்டும்தான் பூக்கிறது. பேரைச் சொன்னால், "அப்ப நீங்கள் உள்ளுக்கை வாறனீங்களோ?" என்று அடுத்த கேள்வி வரும். பூவை வைத்து ஆழம் பார்க்கிறாளாக்கும்.

"தெரியாது பிள்ளை. நான் அந்தப் பக்கம் வாறேல்லை."

அடுத்த நாளும் வந்தாள். தும்பையைக் காட்டினாள். தும்பை தெரியாத ஆள் இந்தத் தீவில் உண்டா? "ஏதோ களை" என்றேன். காவிளாயைக் காட்டினாள். "ஆருக்குத் தெரியும்" என்றேன். அவளுடைய போன் அதற்கு வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னது. அதை அவள் வாசித்துக் காட்டியபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் பசுக்களை வீட்டிலேயே கட்டி வைக்கோல் போட்டேன். பால் குறைந்தது. கிணற்றடியில் சாணியைக் கண்டிருப்பாளோ என்று வேறு பயந்தேன்.

கனடாவுக்குத் திரும்ப முதல்நாள் பயணம் சொல்ல வந்தவள் எங்கள் திண்ணைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "காணியை விக்கப் போறியளோ?"

"இல்லை அக்கா. புல்லும் பூவும் இருக்கிறபடியே இருக்கட்டும் எண்டு அப்பா சொல்லிப்போட்டார். பாத்துக்கொள்ள ஒரு ஆளைத்தான் தேடினனான். மாடு மேஞ்சாலும் பரவாயில்லை, காணியை அறிஞ்ச ஆளாய் இருக்க வேணும். முதல்லை உங்களைத்தான் நினைச்சனான்." கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் அந்தப் பக்கமே வாறேல்லை எண்டு சொல்லிப்போட்டியள். சந்திக்கடை அண்ணை எல்லாப் பேரும் சொன்னார். படலைப் பூட்டுத் திறப்பை அவரிட்டைக் குடுத்திட்டன்."

விஷ்ணுகிராந்தி, தும்பை, காவிளாய் எல்லாம் வாய்வரை வந்தன. இனிச் சொன்னால் பொய்க்காரி ஆகிவிடுவேன். "நல்லது பிள்ளை" என்றேன். அந்த மனுசன் சொன்ன பேர்களில் பாதி பிழையாகத்தான் இருக்கும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

மறுநாள் காலை பசுக்களை அவிழ்த்துக்கொண்டு, வேலியில் நாங்கள் வழக்கமாக நுழையும் இடைவெளிக்குப் போனேன். கடைக்காரர் அங்கே முள்ளுக்கம்பி அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனி மாடு கீடு உள்ளுக்கை வரக்கூடாது. பிள்ளைக்குப் பூவெல்லாம் படம் எடுத்து அனுப்ப வேணும்" என்றார்.

மூத்த பசு கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. இழுத்தேன், அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு முன்னாலேயே.